மதிலனின் இடக்கை

கொக்குவில் சந்திக்குப் பின்னால்
வாடகைச் சாமான் கடையின் மேல்மாடி.
கீழே அடுக்கிய பிளாஸ்ரிக் கதிரைகள், கிடாரங்கள்,
மணவறைக்குப் போகிற பொய்த் தூண்கள்.
மேலே நாங்கள் நாலுபேர்,
ஒரு மேசை, ஒரு பை நிறையப் பகடை,
கம்பசடிக் கடையில் போட்டோக்கொப்பி எடுத்த விதிநூல்.

என் வீரனுக்கு மதிலன் என்று பெயர் வைத்தேன்.
வேலிக்காகக் கோட்டுக்குப் போன குடும்பம் எங்களது;
வேறு பெயர் வாயில் வரவில்லை.
இடக்கையில் ஆளுயரப் பெருங்கேடயம்,
மூன்று தோல்வார், இரும்பு விளிம்பு.
காப்பு எண்ணில் மூன்று கூடும்.
அந்த மூன்றுக்காகத்தான் வாங்கினேன்,
மற்றப் பத்தியை வாசிக்கவில்லை.
கொப்பியில் அது ஓரம் வெட்டுப்பட்டும் இருந்தது.

வெட்டுப்பட்ட ஓரத்தில் இருந்தவை
வழிநெடுக வந்து சேர்ந்தன.
மதிலன் ஏணி ஏற மாட்டான்.
ஒளித்து நடந்தால் நிலைக்கதவில் இடிபடுவான்,
காவல்நாய் எழும்பும்.
குனிந்தால் விளிம்பு தாடையில் குத்தும்.
வெட்டவெளியில் சோளகம் அடித்த நாள்
கேடயம் பாயாகிப்போனது;
போர்க்களத்துக்குப் புறப்பட்டவன்
பின்பக்கமாகவே பாதித் தூரம் நடந்தான்.
சந்தையில் ஒரு பனங்கிழங்கு வாங்கினோம்.
உரிக்க இரண்டு கை வேண்டும்.

பிரணவரூபனின் கழுதை பாரம் தாங்காமல் படுத்துவிட
சாப்பாட்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு
கேடயத்தோடு மூன்று நாள் பட்டினி நடந்தோம்.
"முன்னால என்ன நிக்குது எண்டே
இவனுக்குத் தெரியாது" என்றான் றெஜினோல்ட்.
உண்மைதான். எட்டு மாதமாக நான் பார்த்தது
பலகையின் உட்புறம்.

பாரம் பற்றிச் சண்டை வந்த ஒரு சனிக்கிழமை
கதை நடத்துகிற செந்தூரி கீழே போய்
முந்நூறு பேருக்குச் சோறு வேகும் கிடாரத்தின் மூடியைத்
தூக்கி வந்து என் கையில் மாட்டினாள்.
"சண்டை முடியுமட்டும் பிடி."
நாலாவது உருட்டலில் தோள் நடுங்கிற்று.
ஆறாவதில் மூக்கின் மேல் ஒரு நுளம்பு.
வலக்கையில் பகடை.
நுளம்பு ஆறுதலாக இருந்து குடித்தது.

ஆவணி நடுவில் கேணிக்கு வந்தோம்.
இடிந்த கோட்டைக்குள் பாசி பிடித்த படிகள்,
அடியில் கறுத்த தண்ணீர்.
றெஜினோல்டின் திருடன், நூலாய் மெலிந்தவன்,
பதினேழாம் படியில் வழுக்கினான்.

"கை குடுக்கிறியோ?"
"ஓம்."
"எந்தக் கை?"

வலக்கையில் பந்தம்.
இடக்கையில் மூன்று வார்.
ஒரு வார் கழற்ற ஒரு சுற்று என்கிறது நூல்;
மூக்குக்கு மேல் தண்ணீர் வர
ஒரு சுற்றுக்கூட இல்லை.
பந்தத்தைப் போட்டேன்.
செந்தூரி எழும்பி ரியூப்லைற்றை அணைத்தாள்.
கால் நிலைக்குமா, உருட்டு என்றாள்.
போன் வெளிச்சத்தில் இருபது முகப் பகடை
மேசை விளிம்புவரை போய் நின்றது.
நாலு.

நான் அவனைப் பிடித்தேன்.
கேடயம் என்னைப் பிடித்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
கீழே யாரோ கதிரை எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
நூற்றிப்பன்னிரண்டு, நூற்றிப்பதின்மூன்று.

மதிலனின் தாளில்
காயம் எழுதும் கட்டம் வெள்ளையாக இருக்கிறது.
ஓர் அம்பு தொட்டதில்லை. ஒரு கீறல் இல்லை.
முழுசாகவே தாண்டு போனான்.

அடுத்த கிழமை மூடியைக் காணவில்லை.
இணுவிலில் கலியாணம், கிடாரத்தோடு போயிருந்தது.
அங்கே சோற்றின் ஆவியைக் காத்துக்கொண்டிருக்கும்.
அதற்குப் பழகிய வேலை.

புதுத் தாளில் பெயர் இன்னும் எழுதவில்லை.
இடக்கை என்ற கட்டத்தின் மேல்
பென்சிலை வைத்தபடி செந்தூரி பார்த்திருந்தாள்.
"ஒண்டும் வேண்டாம்."
"பயமில்லையோ?"
"இருக்கு."
றெஜினோல்ட் பகடையை என் பக்கம் தள்ளிவிட்டான்.
அது இடப்புறமாக உருண்டு வந்தது.