மூன்று புள்ளி ஒன்று

நண்டுக் கம்பெனித் தராசில்
ஐந்து கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.
பதினேழு வருசமாய் அதுதான் வேலை.
ஓடு உடைத்த சதையைத் தட்டில் கொட்டி
முள் நிற்கும்வரை பார்த்து
நோட்டில் ஏற்றுவது.
எனக்குள் குறைந்தது மட்டும்
தெரியவேயில்லை.

கால்தான் முதலில் சொன்னது.
செருப்பு வார் பதிந்த தடம்
படுக்கப் போகும்வரை மாறவில்லை.
விரலால் அமுக்கினால் குழி.
ஈர மணல்கூட
இதைவிடச் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி,
பதினொன்றாம் நம்பர் ஜன்னல்.
ரத்தம் எடுக்கும் நாகூர்கனி சீட்டை நீட்டினார்.
அல்புமின் இரண்டு புள்ளி ஆறு.
"முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்துக்கா.
ஈரல்தான் செஞ்சு அனுப்பும்.
குழாய்க்குள்ள தண்ணிய இழுத்துப் பிடிக்கிறது அதுதான்.
அது இளைச்சா தண்ணி கசிஞ்சு
காலுக்கு இறங்கிரும்."
நூறு மில்லிக்கு மூன்றரை கிராமாவது வேண்டுமாம்.
குறைவது ஒரு கிராமுக்கும் கீழே.
சின்ன நண்டின் கடைசிக் காலை
உதறினால் விழும் சதை.
அதை நம்பியா நின்றது இந்த உடம்பு?

சி வகை மஞ்சள்காமாலை என்றார்கள்.
மஞ்சளே இல்லையே என்றேன்.
கிருமிக்கு இருபத்தைந்து வயதிருக்கும் என்றார் டாக்டர்.
என் ரெண்டாவது மகனுக்கும் அதே வயது.
அவன் பிறந்த ராத்திரி
தங்கச்சிமடத்திலிருந்து பாலம் தாண்டி
ஐஸ் வேனில் கொண்டுபோனார்கள்.
இரண்டு பாட்டில் ரத்தம் ஏறியது.
கொடுத்தவர் யாரென்று தெரியாது.
தன்னோடு எது போகிறதென்று
அவருக்கும் தெரிந்திருக்காது.
திட்டலாமா என்று யோசித்திருக்கிறேன்.
வாசலில் மகன் வலை உதறிக்கொண்டிருந்தான்.
வாய் வரவில்லை.

நாளுக்கு ஒரு வேளை மாத்திரை, இருபத்துநான்கு வாரம்.
உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர்.
இந்த ஊரில் எங்கே குறைக்க?
கொடியில் காயும் சேலையை நக்கினாலும் உப்பு.
கருவாட்டுப் பானையை
மதினி வீட்டுக்கு அனுப்பினேன்.
அவள் வீடு காற்றுக்கு மேற்கே இல்லை,
வாசனை திரும்பி வந்தது.

நாலாம் வாரம்,
"கிருமி தென்படவில்லை" என்று அச்சடித்த தாள்.
அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து
அடுத்த வரியைப் பார்த்தேன்.
இரண்டு புள்ளி ஏழு.
"விசைப்படகு போயிருச்சுக்கா.
கலங்கல் தெளிய நாளாகும்" என்றார் நாகூர்கனி.

குளோபுலின்தான் முதலில் அசைந்தது.
கிருமியை மறிக்க
அளவுக்கு மீறிக் குவிந்திருந்த காவல்.
பிடித்துப்போன படகை விட்டுவிட்டார்கள் என்று
சேதி வந்த பிறகும்
கரையில் டார்ச் லைட்டோடு நிற்பார்களே,
அந்த மாதிரி நின்று,
ஒவ்வொருவராய்ப் படுக்கப் போனது.

ஆல்ஃபா என்று தொடங்கும் இன்னொன்றும் இருந்தது.
வயிற்றுப் பிள்ளையின் ஈரலில் ஊறுவதாம்.
நாற்பத்தெட்டு வயதில் எனக்கெதற்கு?
கட்டி இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள்.
இல்லை.
அடிபட்ட ஈரல் தன்னைத் திரும்ப முளைக்கவைக்கப் பார்த்தால்
அப்படித்தான் ஏறுமாம்.
முப்பத்தெட்டாய் இருந்தது ஒன்பதுக்கு வந்தது.
அன்றைக்கு ஏனோ
பிரசவ வார்டு வழியாகச் சுற்றி
பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கடைசிச் சீட்டு வாங்கிய நாள்
பெண்கடல் உள்வாங்கியிருந்தது.
வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடக்க
டிவிக்காரர்கள் பயந்த குரலில் பேசினார்கள்.
எங்களுக்கு இது வழக்கம்தான்.
போன தண்ணீர் சாயங்காலம் வரும்.
செருப்பைக் கழற்றிப் பார்த்தேன்.
தடம் இருக்கிறது, லேசாக.
அமுக்கினேன்.
எண்ணி முடிப்பதற்குள் மூடிக்கொண்டது.

மூன்று புள்ளி ஒன்று.
வேண்டியது இன்னும் நிறையவில்லை.
வடுப்பட்ட ஈரலாம்,
ஆறு மாதத்துக்கொரு தடவை
வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம்.
கம்பெனியில் இந்தக் குறைக்கு
பெட்டியைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.
இதை வாங்கி
நோட்டில் ஏற்றிக்கொண்டேன்.