சாயாத துறைமுகம்

நியூபோர்ட் நியூஸ், வர்ஜீனியா. 1915

சுங்கச் சாவடிச் சுவரில் ஒரு தாள்.
பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாய் ஒட்டியிருந்தார்கள்.
பசை காயவில்லை, மழை வேறு.
எங்கள் கப்பலில் இங்கிலீஷ் வாசிப்பவன்
கோவாக்காரச் சமையற்காரன் மெனேசஸ் மட்டும்தான்.
தொப்பியைக் கழற்றிவிட்டு வாசித்தான்:
இந்த நாடு எந்தப் பக்கமும் சாயாதாம்.
ஐரோப்பாவில் அவர்கள் அடித்துக்கொள்ளட்டும்,
இவர்கள் அதில் இல்லையாம்.

"இப்படியும் சொல்லலாமா?" என்றேன்.
"நாடு இருந்தால் சொல்லலாம்" என்றான்.

நான் உதுமான் கண்ணு, பரங்கிப்பேட்டை.
பாய்லர் அறையில் கரி தள்ளுகிறவன்.
சண்டை வந்த சேதி எனக்குத் தெரிந்தது
ஏடனில், கப்பலுக்குச் சாம்பல் வர்ணம் பூசியபோது.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் மட்டும் என்ன,
கூலி கூடுமா என்று திருப்பிக் கேட்டிருப்பேன்.

மேற்குத் துறையில் ஜெர்மன்காரன் கப்பல்.
சங்கிலி. கரையில் துப்பாக்கிக் காவல்.
தந்தி அறைக் கதவுக்கு ஈய முத்திரை.
சண்டை முடிகிறவரைக்கும் அசையக் கூடாது.
சும்மா இருக்க முடியாத மாலுமிகள்
கள்ளிப் பெட்டிகளில் மண் நிரப்பி
முட்டைக்கோசு நட்டிருந்தார்கள்.
வேலிக்கு அந்தப்புறம் ஒருவன் களை பிடுங்கினான்.
நகக்கண்ணில் கரி. அவனும் அடுப்படி ஆள்தான்.
அவன் என் நகத்தைப் பார்த்தான்,
நான் அவன் நகத்தை.
காவல்காரன் இருமினான்.
அவ்வளவுதான்.

கிழக்குத் துறையில் எங்கள் கப்பல்.
அதற்குச் சங்கிலி இல்லை.
அறுநூற்றுப் பன்னிரண்டு குதிரை,
எல்லாம் இந்தச் சாயாத நாட்டுப் புல் தின்றவை,
ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாய்பலகை ஏறின.
"இது எந்தக் கணக்கு, மெனேசஸ்?"
"வியாபாரம். காசு கொடுத்தால்
ஜெர்மன்காரனுக்கும் விற்பார்கள்."
"அவன் எப்படி வந்து வாங்குவான்?
கடல் முழுக்க நம் துரையின் பீரங்கி நிற்கிறதே."
மெனேசஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.
தராசில் குற்றமில்லை, முள் நேராகத்தான் நிற்கிறது,
ஒரு தட்டுக்குப் போகிற பாதையைத்தான்
யாரோ அடைத்திருக்கிறார்கள் என்றான்.
வெங்காயத்துக்கு எனக்கும் கண் எரிந்தது.

கொட்டடியில் தண்ணீர்ப் பீப்பாய் இரண்டு.
ஒன்று வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு.
எழுத்தறியாத எனக்கே புரிந்தது:
ஒன்றின்மேல் மூடியும் நிழலும் இருந்தன.
இரண்டுக்கும் நடுவே ஒரு பாக மண்தரை.
தாகத்தோடு அங்கே நின்றேன்.
யுத்தத்தில் எந்தப் பக்கமும் சாயாதிருக்கத்
தாள் அச்சடித்து ஒட்டிய ஊரில்
தண்ணீரில் சாயாதிருக்க இடமில்லை.
மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தான்.
பாவம், அவனுக்கும் குழப்பம்.
குல்லாவை வைத்து முடிவு செய்வதா, தோலை வைத்தா?
குதிரைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை,
ஒரே தொட்டியில் வாய் வைத்துக் குடித்தன.

குதிரைக்காரன் லெமுவல்
தன் பீப்பாயில் மொண்டு நீட்டினான்.
வெதுவெதுப்பு. துரு வாடை.
மூன்று அகப்பை குடித்தேன்.
மேஸ்திரி நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான்.
என் பக்கம் எது என்று
யார் கேட்டாலும் இனிச் சொல்லலாம்.

ராத்திரி கிளம்பினோம்.
மேற்குத் துறையில் ஒரு விளக்கும் இல்லை.
முனை தாண்டியதும் அலை எடுத்தது.
கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால்
தலைக்கு மேலே அத்தனை குளம்பும்
வலப்பக்கம் ஊன்றும்.
வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம்.
நேராக நிற்க அவற்றுக்கும் ஆசைதான்.

நான்கு மணி நேரம் கரி தள்ளிவிட்டு
என் பலகைக்கு வந்து படுத்தேன்.
எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும்
காதுக்குள் குளம்பு.