பிழை

கோட்லாந்துக்குக் கிழக்கே கப்பல் நிற்கிறது,
நின்றபடியே ஆடுகிறது.
தாலினை விட்டு நான்காம் இரவு.
நூற்றிருபது மீட்டர் ஆழத்து பால்டிக் நீர்
இரும்புக் கயிற்றில் ஏறி வந்திருக்கிறது.

ரப்பர் குழாயைக் குப்பியின் அடிவரை இறக்குகிறேன்.
மூன்று மடங்கு வழியட்டும், சலசலக்காமல்.
சலசலத்தால் காற்று கலக்கும்,
கலந்தால் இந்த நீர்
தன்னிடம் இல்லாத மூச்சைச் சொல்லும்.

மாங்கனீசு. பிறகு காரம்.
வெள்ளையாய் வண்டல் இறங்கினால் கீழே ஆக்சிஜன் இல்லை.
பத்து வருடமாக வெள்ளைதான்.

இன்று பழுப்பு.
வெந்நீரில் தேயிலை முதலில் விடுகிற பழுப்பு.

அமிலம் ஊற்றினேன், அயோடின் பிறந்தது.
அது சொன்ன இடத்தில் நிற்காது;
திறந்து வைத்தால் ஆவியாய்க் கிளம்பிவிடும்,
வெளிச்சம் பட்டால் இல்லாததும் புதிதாய் முளைக்கும்.
விளக்கை அணைத்தேன். கதவோரம் ஒற்றைப் பல்பு.
தயோசல்பேட்டின் வலுவைக் காலையிலேயே
அயோடேட் வைத்து அளந்துவிட்டேன்.
அதுவும் கெடும், பால்போல நாறிக் காட்டிக்கொடுக்காது.
பியூரெட் நுனியில் குமிழி இல்லை.
நிறம் வைக்கோல் மஞ்சளுக்கு இறங்கும்வரை பொறுத்து
அப்புறம்தான் ஸ்டார்ச்.
அவசரப்பட்டு முன்னால் விட்டால்
நீலம் அயோடினை இறுக்கிக்கொண்டு விடாது.
இரண்டு அலைக்கு நடுவே கண்ணை நேராக்கி வாசித்தேன்:
லிட்டருக்கு 0.6 மில்லி.

இன்டர்காமில் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
"வடகடல் நீர் உள்ளே வந்துவிட்டது" என்று
மேல்தளத்தில் உர்மாஸ் கத்தியது படிக்கட்டில் கேட்டது.
யாரோ கைதட்டினார்கள்.
கார்லிக்கு இன்னும் ஒரு வருடம் நிதி கிடைக்கலாம்.

குடுவையில் நீலம் திரும்பி வந்துகொண்டிருந்தது.
முடிந்தபின் எப்போதும் வரும்.
அதற்காக இன்னொரு சொட்டு விடக்கூடாது.
கை துருதுருக்கும், விடக்கூடாது.

அப்போதுதான் பார்த்தேன்: குப்பி எண் 31.
கண்ணாடி மூடியின் ஓரம் தேய்ந்தது.
போன பயணத்திலேயே ஒதுக்கச் சொல்லியிருந்தேன்,
ஒதுக்கவேண்டியவளும் நான்தான்.
இரட்டை மாதிரி எடுக்கவில்லை.
தூக்கம்.

மறுபடி கயிறு இறங்கியது.
கயிறு விடுகிற ரைனிஸ் லாட்விய மொழியில் ஏதோ முனகினான்;
நல்ல வார்த்தையாய் இருந்திருக்காது.
இந்தமுறை இரண்டு குப்பி, இரண்டையும்
விளக்குக்கு எதிரே தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தேன்.
கடுகளவு குமிழிகூட இல்லை.

இரண்டிலும் வெள்ளை.
உப்புக்கல்லின் வெள்ளை.
மிச்ச நீரை ஊற்றும்போது
தொட்டியில் அழுகிய முட்டை வாடை.

ஒரு பிழையால் பிழைத்திருந்தது கடல்,
இரண்டரை மணி நேரம்.

உர்மாஸ் கீழே வந்து வாசலில் நின்றார்.
"வெள்ளையா, லீலோ?"
"வெள்ளை."
கையிலிருந்த காபியை எனக்கு நீட்டினார்.

பதிவேட்டில் 0.6 மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன்.
மை பூசி மறைக்கக்கூடாது,
அடித்த எண் படிக்கும்படி இருக்கவேண்டும்,
பக்கத்தில் என் கையெழுத்து.