மூன்று விநாடிக்குப் பிறகு

மூன்று விநாடிதான்.
தேத்தண்ணிக் கிளாசுக்குள் கரண்டி தானாய்க் கிலுங்கியது.
பாரவூர்தி போகுதெண்டு நினைத்தோம்.
றோட்டு வெறுமையாய்க் கிடந்தது.

பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினார்கள்.
நாற்பதைக் கடந்த நாங்கள்
குப்புறப் படுத்தோம்,
காதைப் பொத்தி, வாயைத் திறந்து.
எழும்பித் தூசி தட்டும்போது
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அதன்பிறகுதான் மாநகரசபை
என்னிடம் ஒரு சுத்தியல் தந்தது.
தூணில் வைத்து அழுத்தினால்
உள்ளே துள்ளித் திரும்புகிற தூரத்தை
இலக்கமாய்ச் சொல்லும்.
இருபத்தெட்டு. முப்பத்தொன்று.
கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் பதினாறு.
மேலே மூன்று மாடி, அதற்கும் மேல் தண்ணீர்த் தாங்கி,
கீழே சுவரே இல்லை, கண்ணாடி மட்டும்.
முதலாளி சோடா உடைத்துத் தந்தார்.
"யாழ்ப்பாணத்துக்குப் பூமி அதிர்ச்சியோ, மிஸ்?
நாங்கள் காணாத அதிர்ச்சியோ?"
பதினாறு என்று எழுதிக்கொண்டேன்.

அரியாலையில் தவமலரக்காவின் புது வீடு.
மூலைத்தூண் முப்பத்தாறு. நல்ல இலக்கம்.
ஆனால் அடியில் மயிர்க்கோடு ஒன்று
நிலத்துக்குள் இறங்கிப் போயிருந்தது.
தட்டிப் பார்த்தேன்.
வெறும்பானை மாதிரிப் பதில் சொன்னது நிலம்.

"அதிலதான் பங்கர் இருந்தது," என்றா.
"மூடிப்போட்டுத்தான் கட்டினது."
மண்ணைத் தள்ளி மூடியவர்கள்
கூரைக்கு அடுக்கிய பனங்குற்றிகளை
எடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.
குற்றி உக்க, மண் இறங்க,
தூணுக்குக் கீழே ஒரு முழம் காற்று.

"எங்கள் ஏழு பேரையும் காப்பாத்தினது, பிள்ளை."
ஓம் அக்கா.
இனி அதுவே வீட்டை விழுங்கும் என்று எழுத
என்னுடைய படிவத்தில் கட்டம் இல்லை.

பிலேந்திரன் தூணுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தோண்டினான்.
கைவிளக்கு, பொம்மை, ஒன்றும் வரவில்லை.
கறையான் தின்ற நார். ஈரச் சுண்ணாம்புக்கல்.
கொங்கிறீற் இறங்குமுன் கம்பிக்கூட்டுக்குப் பக்கத்தில் குந்தி
ஒவ்வொரு வளையத்தின் வாலையும் பார்த்தேன்.
தொண்ணூறு பாகையில் நிற்கிற வால்
ஆட்டத்தில் கழன்றுவிடும்.
உள்ளுக்கு மடங்கித் தூணின் நெஞ்சைப் பிடிக்கவேணும்.
"நூற்றுமுப்பத்தைந்து," என்றேன்.
"மூடினாப்பிறகு ஆர் பாக்கப்போறது?"
ஐம்பத்திரண்டு வளையத்தையும் திரும்ப மடக்கினான்,
ஏசி ஏசி.

சனசமூக நிலையத்தில் கூட்டம்.
சண்டை முழுக்க மதில்களைப் பற்றித்தான்.
நடுவில் ஒரு தூணும் இல்லாத ஆறடிக் கல்லடுக்கு;
முதலில் சரிவது அதுதான், ஒழுங்கைக்குள்,
ஓடி வருகிறவர்கள் மேல்.
தூண் போட அடுத்த காணிக்குள் கால் வைக்கவேணும்.
எல்லைக்கல்லுக்கோ பதினெட்டு வருச வழக்கு.
முடக்கு ஒழுங்கை, மறுபக்கம் வழியில்லை.
மதிலில் ஒரு பொட்டு விட்டால் என்ன என்று கேட்டேன்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

தவமலரக்கா எழும்பினா.
"செல்லுக்கு உள்ளுக்கு ஓடினம். இதுக்கு?"
ஆடுமட்டும் மேசைக்குக் கீழ்.
நின்றபிறகு வெளியே, மதிலை விட்டு விலகி.
"அப்ப குப்புறப் படுக்கிறேல்லையோ?"
படுக்கிறேல்லை.
"உடம்பு கேக்காதே, பிள்ளை," என்றபடி
பேப்பர் மேசைக்குக் கீழே முழந்தாளிட்டு,
மேசைக்காலை இறுக்கிப் பிடித்தா.
சிரித்தார்கள்.
பிறகு கதிரைகளை நகர்த்தினார்கள்.

நடக்கமாட்டாதவர்கள் பட்டியலில் நாலு பெயர்.
தூக்கி வருகிறவர் என்ற இடத்தில்,
இராசமணியின் படுத்த படுக்கையான தாய்க்கு நேரே
எதிராளி குலவீரசிங்கம் ஒப்பமிட்டிருந்தார்.
வழக்கு அடுத்த மாதம் திரும்ப எடுபடும்.

பொட்டு இன்னும் விடவில்லை.
மதிலில், ஆள் நுழையும் அளவுக்கு,
கரியால் ஒரு கட்டம் கீறியிருக்கிறார்கள்.