ஒன்பதாம் கேள்வி

ஆண்டுக்கொரு முறை நிரப்பும் படிவம்.
ஒன்பதாம் கேள்வி:
இவ்வாண்டு உங்கள் தொழிலில் என்ன கற்றீர்கள்?
மூன்று வரிக்குக் கட்டம்.

ஊத்தான் மெலிந்தாங்,
செம்பனை ஆலையின் கூட்ட அறை.
குளிர்சாதனம் ஒழுகும் இடத்தில்
வாய்பிளந்த ஒரு மைலோ டின்.
பெட்டாலிங் ஜெயாவிலிருந்து
நான்கு நிற ஒட்டுத்தாளும்
நாற்பத்திரண்டு சிலைடும் கொண்டுபோயிருந்தேன்.
தலைப்பு: தலைமைத்துவம்.

ஏழாவது சிலைடில் பனிமலை.
தண்ணீருக்கு மேலே கொஞ்சம்,
கீழே நிறைய.
இங்கே யாராவது பனி பார்த்ததுண்டா என்றேன் சிரித்துக்கொண்டு.
நேப்பாளத்துத் திலக் கை தூக்கினான்.
"அது நிற்கும்வரை பயமில்லை.
நகரும்போதுதான்."
அதை எந்த நிறத் தாளிலும் நான் எழுதவில்லை.
அடுத்த சிலைடுக்குப் போனேன்.

ஸ்டெரிலைசர் கதவில் கை வெந்தவர்கள்
ஏன் புகார் எழுதுவதில்லை?
கேட்டது நான்.
பதில் சொன்னவர் மேலாளர் ஹம்டான்.
அடுத்த கேள்விக்கும் அவரே,
அதற்கடுத்ததற்கும்.
நல்ல மனிதர்.
சிக்கலே அதுதான்.
அவர் முடித்ததும்
குலை லாரி கடக்கையில் சாலையோரப் புல்
சாய்வதுபோல
பதினான்கு தலைகள் ஒரே பக்கம் அசைந்தன.
"ஒருமித்த கருத்து" என்று பலகையில் எழுதி
அடிக்கோடும் போட்டேன்.
பதினோரு வருட அனுபவம்.
கோடு நேராகத்தான் இருந்தது.

இடைவேளையில்
எடைப்பாலத்து எழுத்தர் புனிதவதி
கரிப்பாப்பை இரண்டாகப் பிட்டுக்கொண்டே சொன்னார்:
"கேள்வி கேட்டுட்டு எத்தனை நொடி
சும்மா இருக்கீங்கன்னு எண்ணுனேன் மேடம்.
ரெண்டு.
லாரி ஏறி நின்னா
நம்பர் ஆடாம நிக்கவே எனக்கு எட்டாகும்.
ஆடும்போதே எழுதுனா
அது எடை இல்ல."
பாதிக் கரிப்பாப்பை என்னிடம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன். உறைத்தது.

மதியம் சிலைடுகளை மூடினேன்.
ஹம்டானிடம் சொன்னேன்:
நீங்களும் நானும் கொஞ்சம் வெளியே போவோம்.
சிரித்தார்.
நான் நடக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

குலைகள் கொட்டும் மேடை அருகே நின்றோம்.
புளித்த எண்ணெய் வாசம்,
பாய்லரின் உறுமல்.
உள்ளே என்ன பேசுவார்கள் என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
கூலி வாங்கிக்கொண்டு தெரியாமல் நிற்பது
எனக்கு அதுவே முதல் முறை.

"போன வருஷம் ஒரே ஒரு புகார் வந்தது," என்றார்.
"எழுதியவனை நான் திட்டவில்லை.
கதவை ஏன் சரியாக மூடவில்லை என்று
மூன்று முறை கேட்டேன். அவ்வளவுதான்."

நாக்கில் ஏழெட்டு நல்ல கேள்விகள்,
எல்லாம் பயிற்சியில் பாடமானவை.
விழுங்கினேன்.
ஒன்று.
இரண்டு.
ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்றது.
ஐந்து.
ஆறாவதில் அவர்,
"நாலு முறை," என்றார்.

திரும்பியபோது
நாற்காலிகள் இடம் மாறியிருந்தன.
என் அடிக்கோட்டுக்கு மேல் குறுக்கே ஒரு கோடு.
கீழே, மலாயில், இரண்டு எழுத்துப் பிழையோடு:
புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்?

யார் எழுதியது என்று கேட்கவில்லை,
நானும், அவரும்.
ஹம்டானின் கை கால்சட்டைப் பைக்குள் போனது.
சாவிக்கொத்து ஒருமுறை சிணுங்கியது.
கை அங்கேயே இருந்தது.
நான் காருக்குப் போகும்வரை
வெளியே வரவில்லை.

கணக்குப் பிரிவிலிருந்து மின்னஞ்சல்:
இரண்டு பத்திலிருந்து இரண்டரை வரை
பயிற்சி நடந்ததாகப் பதிவில்லையே,
விளக்கவும்.

ஒன்பதாம் கேள்வியின் முதல் வரியில் எழுதினேன்:
இருபது நிமிடம் வெளியே நின்றேன்.
இரண்டு வரி காலி.
காலியாக விட்டால் படிவம் ஏற்காதாம்,
கட்டம் சிவப்பாய் மின்னுகிறது.

மின்னட்டும்.
மூன்று.
நான்கு.