இரண்டு சொடுக்கு

வண்டி வாடகை இரண்டு டாலர்.
"வேறெவனும் குதிரை தரமாட்டேன் என்கிறான், திருமதி டீக்,
உங்களுடையது சாது," என்றார் ஷெரீப் ஸ்ட்ரௌட்,
தொப்பியைக் கழற்றாமலே.

சாதுதான்.
எனக்கு அதை விற்றவன் அசஹேல் கிரிமெட்.
விற்ற அன்றே சொன்னான்: சாட்டை வேண்டாம், அதட்டல் வேண்டாம்.
நாக்கை அண்ணத்தில் ஒட்டி
இரண்டு சொடுக்கு. அவ்வளவுதான், கிளம்பிவிடும்.
எனக்குப் பழக மூன்று நாள் ஆயிற்று.
என் புருஷன் காய்ச்சலில் போன வருஷம் அது.
அந்த மூன்று நாளும் நான் சிரித்தேன்,
வேலியோரம் அவனும்.

பிறகு ஒரு பன்றி.
காதில் யார் வெட்டிய அடையாளம் என்று வாய்ச்சண்டை,
மண்வெட்டி, ஹார்மன் புரூயிட்டின் மண்டை.
ஜூரியில் பன்னிரண்டு பேர்,
அதில் ஏழு பேரின் கிணறு அசஹேல் தோண்டியது.

நாற்பது புகைபோக்கி உள்ள ஊர் எங்களுடையது.
வியாழன் இரவே வபாஷ் ஆற்றின் இரு கரையிலும்
வண்டிகள் அவிழ்த்துப் போட்டுக் கிடந்தன.
இரண்டாயிரம் பேர் என்றார்கள். எண்ணியது யார்?
இஞ்சி ரொட்டி பத்து மணிக்குள் தீர்ந்துவிட்டது.
சைக்கமோர் மரக்கிளை முழுக்கப் பையன்களின் கால்கள்.
எங்கிருந்தோ வந்த ஒருத்தி
பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி என்னிடம் கேட்டாள்:
"இங்கிருந்து முகம் தெரியுமா?"

அவனை அவன் சவப்பெட்டி மேலேயே உட்காரவைத்து
என் வண்டியில் கொண்டுவந்தார்கள்.
பச்சைப் பலகை.
போதகர் கிரிம் குடியைப் பற்றி ஒரு மணி நேரம்,
ஓய்வுநாளை மீறுவது பற்றி ஒரு மணி நேரம்.
அதுவரை அவன்
கால்சட்டையில் ஒட்டிய பிசினை
நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்,
நாளைக்கும் அதைப் போட்டுக்கொள்ளப் போகிறவன் போல.

முகத்துக்கு மாவுப் பை.
சரியாக உதறவில்லை போலிருக்கிறது, தும்மினான்.
கூட்டத்தில் யாரோ பழக்கத்தில்
"கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பாராக" என்றாள்.
பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்ட்ரௌட் கையைத் தூக்கிக் கத்தினார்.
குதிரை நின்றது.
தொப்பியால் அடித்தார்.
நின்றது.
சாட்டை வாங்கி வீசினார்;
காதை மட்டும் பின்னுக்கு மடித்தது.
முதலில் மரத்திலிருந்துதான் சிரிப்பு வந்தது.
அப்புறம் எல்லாப் பக்கமும்.
எவனோ பந்தயம் கூவினான்.

"நீங்கள் சொல்லுங்கள், திருமதி டீக்."

எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.
ஊருக்கும் தெரியும்.
என் நாக்கு காய்ந்த தோல் போல
வாய்க்குள் எங்கோ கிடந்தது.
முடியாது என்று நான் சொல்லவில்லை. அதை எழுதிவைக்க வேண்டும்.
சொல்லவில்லை, நின்றேன்,
என் குதிரை மாதிரியே.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை தூறத் தொடங்கியது.
கயிறு நனைந்தால் முடிச்சு இறுகாது என்று யாரோ முனகினார்கள்.

அப்போது மாவுப் பைக்குள்ளிருந்து
ஒன்று.
சின்ன இடைவெளி.
இரண்டு.

அவன் சத்தத்துக்கு அது என்றுமே தாமதித்ததில்லை.

வாடகையை மறுநாள் கொடுத்தார்கள்,
வெட்டிய ஸ்பானிய வெள்ளித் துண்டுகளாக.
ஒரு துண்டு குறைந்தது. போய்க் கேட்டேன்.
ஆம், கேட்டேன். உப்பு வாங்க வேண்டியிருந்தது.

இப்போது உழவுக்குக் கடிவாளத்தைப் பிடித்து
முன்னால் நானே நடக்கிறேன்.
அது என் முதுகைப் பார்த்து வருகிறது.

பிள்ளைகள்தான் இன்னும் விடவில்லை.
தள்ளுவண்டி, பழைய சாக்கு, ஒரு கயிற்றுத் துண்டு;
சாகிறவன் ஆவதற்குத்தான் அடிபிடி,
ஏனென்றால் சொடுக்குவது அவன்தானே.
அந்தச் சத்தம் வேலி தாண்டி வரும்போதெல்லாம்
புல்லிலிருந்து குதிரை தலை தூக்குகிறது,
ஓரடி
எடுத்து வைக்கிறது.