உப்புத்தாள்

ஓடும்போது விழவில்லை.
அப்படிச் சொல்லிக்கொள்ளும் கௌரவம்கூட எனக்கில்லை.
போவெட்ஸ் பெட்ரோல் பங்கில், பூஜ்ஜிய வேகத்தில்,
வலதுகாலை ஊன்றிய இடத்தில்
தரை ஒரு சாண் கீழே இருந்தது.
அவ்வளவுதான்.
அசைபோடும் மாடு படுப்பதுபோல
மெல்ல, யோசித்து,
சாய்ந்தது திங்காவின் வண்டி.

ஜெர்மன்காரர்கள் இருவர் ஓடிவந்து தூக்கினார்கள்.
ஒருவர் என் தோளைத் தட்டினார்.
அதுதான் இன்னும் வலிக்கிறது.

கைப்பிடி முனை: பதினோரு யூரோ, மாற்றிவிட்டேன்.
சைலன்சரில் மூன்று கோடுகள்,
ஒவ்வொன்றும் விரல்நீளம்.
வேறு யாருடைய வண்டி என்றாலும் விட்டிருப்பேன்.
திங்காவுக்கு யெசெனீட்சே உருக்காலையில் வேலை;
தகடு தகடாகச் சாய்த்துப் பிடித்து
கீறல் தேடுவதற்குத்தான் சம்பளம்.
மாரிபோரில் அக்கா வீட்டுக்குப் போனவள்
ஞாயிறு மாலை ரயிலில் வருகிறாள்.

சனிக்கிழமை, கடை மூடப் பத்து நிமிடம்.
நானூறு, எண்ணூறு, ஆயிரத்தைந்நூறு.
“மரத்துக்கா, இரும்புக்கா?” என்றார் ஸ்ரெச்கோ.
“ஒரு நண்பருக்கு” என்றேன்.

நகத்தால் வருடிப் பார்க்கவேண்டும் முதலில்.
நகம் தட்டாத கீறல் கண்ணுக்கு மட்டும்.
இரண்டு அப்படி.
மூன்றாவதில் நகம் தட்டி நின்றது.

சுற்றிலும் டேப் ஒட்டி
சோப்புத் தண்ணீரில் தாளை நனைத்து
எஃகின் இழை ஓடும் திசையிலேயே இழுத்தேன்.
வட்டமாகத் தேய்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.
உப்புத்தாள் என்று பெயர், உப்பில்லை அதில்.
விரல்தோல் உரிந்த பிறகு
இருக்குமோ என்று தோன்றுகிறது.

மூன்றும் போயின.
போன இடத்தில் ஒரு ஜன்னல்.
பளபளவென்று,
சதுரமாக,
‘இங்கே பார்’ என்று.

வேறு வழி?
டேப்பைப் பிய்த்துவிட்டு
ஜன்னலைக் கதவாக்கினேன், கதவைத் தெருவாக்கினேன்.
குழாய் முழுக்க, நள்ளிரவு தாண்டி.
எஞ்சினுக்குப் பக்கத்தில்
சூடேறிச் சூடேறிப் படிந்த
வெங்காயத்தோல், கத்தரிப்பூ, மயில்கழுத்து நிறங்களை
மட்டும் தொடவில்லை.
அடிவளைவில் சின்னக் கொக்கிபோல் ஒன்று கிடந்தது.
என்னுடையதில்லை.
இருந்தாலும் போகிற போக்கில் அதையும் எடுத்துவிட்டேன்,
கூலி கேட்காமல்.

ஞாயிறு தாள் தீர்ந்தது.
இந்த நாட்டில் ஞாயிறு கடை கிடையாது.
பற்பசை இருந்தது, பழைய பனியன் இருந்தது.
கடைசி மங்கலை அதில் தீர்த்தேன்.
பொருத்துவாய்களின் இடுக்கில் புகுந்த வெள்ளையைத்
தீக்குச்சியால் நோண்டும்போதே
ஆறு பத்து ரயிலின் சத்தம்.

பையை இறக்காமல் வண்டியைச் சுற்றி வந்தாள்.
குந்தி உட்கார்ந்து
செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள்,
ஆலையில் பிடிப்பதுபோல.
விரலை ஓட்டினாள்.
நான் மலையைப் பார்த்தேன்.
மலையில் ஒன்றுமில்லை, மேகம்.

மூன்று கோடுகள் இருந்த இடத்தை விரல்
நிற்காமல் கடந்தது.
மூச்சு விட்டேன்.
பிறகு அது அடிவளைவுக்கு இறங்கியது.
நின்றது. திரும்பியது. மறுபடி போனது.

“ஒரு கொக்கி இருந்ததே இங்கே.”

“இருந்தது.”

“நான் போட்டது. வாங்கிய அன்றைக்கே, ஆணியால்.
திருட்டுப் போனால் அடையாளம் சொல்ல.”

போவெட்ஸ் என்றேன். பெட்ரோல் பங்க் என்றேன்.
நின்றுகொண்டிருந்தபோது என்றேன்.
ஒரு சாண் என்பதைக் கையால் காட்டினேன்;
கை இரண்டு சாண் காட்டியது.

அவள் சாவியை வாங்கி
அதே வளைவில்
இழுத்தாள். ஒருமுறை. அழுத்தி.
என் பல்லெல்லாம் கூசியது.

வண்டியைக் கிளப்பினாள்.
இரண்டு நிமிடம் உறுமவிட்டாள்.
குழாய் சூடாகச் சூடாக
முற்றம் முழுக்கப் பரவியது
புதினா வாசம்.

திரும்பிப் பார்த்து “இது என்ன?” என்றாள்.
அதற்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது.